வான்மழை வடிகாலுக்கா, வளர்பயிருக்கா?

அடைமழை நாளில் தெருவில் ஓடம்; கோடை நாளில் அதே தெருவில் வெறுங்குடம்! இவ்விரு காட்சிகளும் ஒரே நகரில், ஒரே மக்களுக்கு, நான்கே ஆண்டு இடைவெளியில் நேர்ந்தன. 2015 திசம்பர்த் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரு நாட்பொழுதில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பெற்றது. வீடுகள் மூழ்கின, உயிர்கள் மாண்டன. 2019 கோடையிலோ பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு வெடித்துக் கிடந்தன. அவ்வாண்டு சூலை 12ஆம் நாள், ஐம்பது கலன்கள் பூட்டிய தொடர்வண்டியொன்று சோலையார்பேட்டையிலிருந்து 25 நூறாயிரம் இலிட்டர் நீரைச் சுமந்துகொண்டு வில்லிவாக்கம் வந்து நின்றது. நீரில் மூழ்கிய நகரம் நீருக்குக் கையேந்தியது!

இதனை இயற்கையின் சீற்றம் என்பார் உளர். தலையெழுத்து என்பாரும் உளர். இரண்டும் பொய். வானம் தன் கடமையில் வழுவவில்லை. வழுவியவர் மண்ணில் இருந்து ஆள்வோரும், அவ்வாட்சியைக் கேள்வி கேளாது வாழ்வோருமே ஆவர். மழையை உணவாக்கும் அறிவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெற்றிருந்த ஓர் இனம், இன்று மழையைக் கழிவென்று கருதிக் கற்காரைக் குழாயில் அடைத்துக் கடலில் கொட்டுகிறது. கொட்டியபின் நீரையும் காயையும் கீரையையும் விலைக்கு வாங்குகிறது. இந்த அறியாமையே இங்கு ஆராயத்தக்கது.

நடந்து வரும் நகரம்

இக்கேடு சென்னையோடு நின்றுவிடுவதாயின் ஒருவாறு பொறுக்கலாம். அது நிற்கவில்லை. வண்டலூரில் தொடங்கிப் படப்பை, ஒரகடம் ஆகிய ஊர்களைக் கடந்து வாலாசாபாத்தை அடையும் நெடுஞ்சாலை வழியே அது நடந்து வந்துகொண்டிருக்கிறது.

அச்சாலையிலுள்ள படப்பை என்னும் ஊர்ப்பெயரையே எண்ணிப் பார்க்க வேண்டும். படப்பை என்றால் மனையை அடுத்த தோட்டம். கழகக் காலத்துச் செய்யுள்களில் வழங்கிய அச்சொல் இன்றும் ஓர் ஊரின் பெயராய் உயிர்த்திருக்கிறது. ஆனால் அப்பெயர் எழுதிய பலகையைத் தாண்டிச் செல்லும் பேருந்திலிருந்து பார்ப்பவன் கண்ணுக்குத் தெரிவன மனைப்பிரிவுக் கற்களும் தொழிற்சாலை மதில்களுமே. அதற்கப்பால் ஒரகடத்தில் அயல்நாட்டு மகிழுந்துத் தொழிற்சாலைகள் நிரைநிரையாய் நிற்கின்றன. 2022இல் சென்னைப் பெருநகரின் எல்லையை 1,189 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுரக் கிலோமீட்டராக விரித்து அரசு ஆணையிட்டபோது, அவ்வெல்லைக் கோடு காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் மேலும் புகுந்தது. அதே ஆண்டில் பரந்தூர்ப் பக்கத்து ஏரிகளின்மேலும் நன்செய்களின்மேலும் புதிய வானூர்தி நிலையம் அமையும் என்னும் அறிவிப்பு வந்தது. பாலாற்று நீரைத் திருப்பெரும்புதூர்ப் பக்கம் கொண்டுசெல்லும் கம்பன் கால்வாய் அந்நிலத்தின் ஊடே ஓடுகிறது. ஏகனாபுரத்து மக்கள் அவ்வாண்டே போராட்டத்தில் இறங்கினர். தம் ஏரியையும் கழனியையும் காக்கத் தெருவுக்கு வந்த அம்மக்களை முன்னேற்றத்தின் பகைவர் என்று பேசுவோர், முன்னேற்றம் என்னும் சொல்லுக்கே பொருளறியாதவர்.

வாலாசாபாத்து இன்னும் நகரமாகிவிடவில்லை; பேரூராட்சியே. ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி வாலாசாவின் பெயரைத் தாங்கி, பின்னர் ஆங்கிலேயரின் படைவீடாகவும் இருந்த ஊர் அது. ஊரின் பெயர் பிறர் இட்டது. ஊரின் நீரமைப்போ தமிழர் இட்டது. தெற்கே பாலாறு. சற்றுக் கீழே வேகவதியும் செய்யாறும் பாலாற்றோடு கலக்கும் திருமுக்கூடல். அண்மையில், திரையனேரி என்று பழம்பெயர் கூறப்பெறும் தென்னேரி. பெரிய ஏரியின் மிகுநீர் கலங்கல் வழியே சிற்றேரிக்கும், சிற்றேரியின் மிகுநீர் தாங்கலுக்கும், தாங்கலின் மிகுநீர் ஆற்றுக்கும் செல்லுமாறு அமைந்த நாடு இது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்னும் பெயர் வழங்கியது இதனாலேயே.

இத்தகைய ஊர் நகரமாகும்போது, சென்னை நடந்த வழியே நடந்து சாகப் போகிறதா, அன்றித் தன் முன்னோர் வகுத்த வழியே நடந்து வாழப் போகிறதா? இதுவே கேள்வி.

உத்தரமேரூர்க் கல் உரைப்பது

வாலாசாபாத்துக்குத் தெற்கே, பாலாற்றைக் கடந்தால் உத்தரமேரூர். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டப்பெற்ற கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டுகள் என்று பள்ளிப் பிள்ளையும் அறியும். தேர்தல் வரும்போதெல்லாம் மேடைகளில் அவற்றைப் புகழாதவர் இல்லை. ஆனால் அத்தேர்தல் எதற்காக நடந்தது என்பதை எவரும் சொல்வதில்லை.

முப்பது குடும்புகளிலிருந்து முப்பதின்மர் ஓலை வழியே தேர்ந்தெடுக்கப்பெற்றனர். அம்முப்பதின்மரில் பன்னிருவர் ஆண்டு வாரியத்துக்கு. பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கு. எஞ்சிய அறுவர் ஏரி வாரியத்துக்கு. ஆண்டு வாரியமோ மேலானது. அதற்குரியவர் யாவர்? முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணி செய்து பட்டறிவு பெற்றவரும், கல்வியிலும் அகவையிலும் முதிர்ந்தவருமே. ஏரியையும் தோட்டத்தையும் காத்துக் காட்டியவனே ஊரையும் காக்கத் தக்கவன் என்பது இதன் பொருள். பணிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் ஓலையில் பெயர் எழுதப்பெறுதற்குத் தகுதியிலர்.

ஏரியும் தோட்டமும் அங்கு ஒரே நாளில், ஒரே அவையில், ஒரே குடத்திலிருந்து எடுத்த ஓலைகளால் ஆள் அமர்த்தப்பெற்றன. இன்றைய நகரத்திலோ மழைநீர் ஒரு துறை. பூங்கா ஒரு துறை. குடிநீர் ஒரு துறை. தோட்டக்கலை வேறொரு துறை. ஒரு துறை வெட்டிய காலை மற்றொரு துறை மூடுகிறது. ஒரு துறை வெளியேற்றிய நீரை மற்றொரு துறை விலைக்கு வாங்குகிறது. ஆயிரம் ஆண்டு முன்னேற்றம் இதுதானோ?

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. உத்தரமேரூர் அவை எல்லாருக்கும் உரியதாய் இருக்கவில்லை. அது பார்ப்பனர்க்குக் கொடையளிக்கப்பெற்ற ஊர். வேதக் கல்வியும் நிலவுடைமையும் சொந்த மனையும் உடையவர்க்கே அங்கு ஓலை. ஏரியைத் தோண்டிய கைக்கும், கரையைச் சுமந்த தலைக்கும், மதகைத் திறந்த நீர்க்கட்டிக்கும் அவ்வவையில் இருக்கை இல்லை. எனவே அவ்வமைப்பை அப்படியே மீட்க வேண்டும் என்று கூறுவது தமிழ்நலம் ஆகாது. அமைப்பின் அறிவைக் கொள்ள வேண்டும்; அதன் இழிவைத் தள்ள வேண்டும். ஏரியும் தோட்டமும் ஒரு கையில் இருத்தல் வேண்டும். அந்தக் கை உழைப்பவன் கையாய் இருத்தல் வேண்டும்.

ஏரியைத் தூர்த்தவர் யாவர்?

சென்னையின் நடுவே ஒரு காலத்தில் நெடிய ஏரியொன்று கிடந்தது. நுங்கம்பாக்கம் தொடங்கி மாம்பலம் வழியே அது நீண்டிருந்தது. 1920களில் வெள்ளையர் ஆட்சி அதன் மாம்பலப் பகுதியை வடித்துத் தியாகராயநகரை உண்டாக்கியது. எஞ்சியதையேனும் தமிழர் ஆட்சி காத்ததா? இல்லை. நுங்கம்பாக்கத்து ஏரிநிலத்தில் 1976இல் எழுந்தது எது தெரியுமா? வள்ளுவர் கோட்டம்! மழையின் சிறப்பைக் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வைத்த பேராசானுக்கு, ஏரியைத் தூர்த்த நிலத்தில் கல்தேர்! தமிழைப் போற்றுவதாகச் சொல்லிக்கொண்டே தமிழரின் வாழ்முறையைப் புதைக்கும் அறியாமைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இன்று அப்பகுதியில் ஏரி இல்லை. ஏரியின் பெயர் மட்டும் உண்டு, அதுவும் ஆங்கிலத்தில்! நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்டு சாலை'; மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை'. கரையும் இல்லை, பார்ப்பதற்கு ஏரியும் இல்லை; பலகை மட்டும் நிற்கிறது. நீரோ தன் பழைய இடத்தை மறக்கவில்லை. ஒவ்வோர் அடைமழையிலும் தியாகராயநகர்த் தெருக்களுக்குத் திரும்பி வருகிறது. வந்த நீரை வெள்ளம் என்று பழிக்கின்றனர். வீட்டுக்காரன் தன் வீட்டுக்கு வந்தால் அவனைத் திருடன் என்று சொல்வது போன்றது இது.

இதற்கு அரசு கண்ட மருந்து யாது? கற்காரை வடிகால். ஆயிரக்கணக்கான கோடி உருபா அதற்குக் கொட்டப்பெற்றது. 2023 திசம்பர் 3, 4 நாள்களில் புயல்மழை வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மீண்டும் மூழ்கின. கடல் பொங்கி நிற்கும் வேளையில் கடலுக்குள் நீர் பாய மறுக்கும் என்னும் எளிய உண்மை, வலைஞர் குடியிற் பிறந்த சிறுவனுக்குத் தெரியும். வடிகால் வேண்டுவதில்லை என்பது கருத்தன்று. வடிகால் மட்டுமே போதும் என்பதே பிழை. கொள்கலன் இல்லாத வீட்டில் குழாய் மட்டும் இருந்து பயன் என்ன?

பெயர் மாற்றி விற்கும் பழஞ்சரக்கு

சீன நாடு 2015, 2016 ஆண்டுகளில் முப்பது நகரங்களைத் தேர்ந்து, மழையை உறிஞ்சித் தேக்கும் நகரங்களாக்க முனைந்தது. அவற்றுக்குக் கடற்பஞ்சு நகரம் என்று பெயர். அப்பெயர் இங்கு இறங்கியதும், சென்னை மாநகராட்சி பூங்காக்களில் குட்டைகள் வெட்டி 'ஸ்பாஞ்சு' பூங்கா என்று பெயரிட்டது. செயல் நன்று; வரவேற்கத்தக்கது. ஆனால் அச்செயலுக்குத் தமிழில் பெயர் இல்லாமற் போயிற்றா? வழிந்து வரும் நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரிக்குத் தாங்கல் என்று தொண்டை நாட்டார் பெயரிட்டனர். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், வேடந்தாங்கல் என்று ஊர்தோறும் அப்பெயர் ஒலிக்கிறது. சொல்லை இழந்தவன் பொருளையும் இழந்தான். பின் அப்பொருளையே அயலான் சொல்லோடு கடனாகப் பெற்றான்.

அவ்வேடந்தாங்கலிலேயே ஒரு பாடம் உண்டு. அங்கு வரும் பறவைகளை ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். மழை, ஏரி, பறவை, பயிர் என நான்கும் ஒரே கயிற்றில் கோத்த மணிகள் என்பதைக் கல்லாத உழவனும் கண்டிருந்தான்.

நகரத்துக்கு இது பொருந்தாது என்பார் கொல்கத்தாவைப் பார்க்கட்டும். அப்பெருநகரின் மழைநீரும் கழிவுநீரும் கிழக்கே சென்று ஆழமற்ற குளங்களில் பரவி நிற்கின்றன. வெயிலில் பாசி வளர்கிறது. பாசியை மீன் உண்கிறது. தெளிந்த நீர் நெல்வயலுக்குப் பாய்கிறது. அருகே தாபாவில் காய்கறி விளைகிறது. ஏறத்தாழ 12,500 எக்டேர்ப் பரப்புள்ள இவ்வீரநிலம் 2002இல் உலக ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. துருவசோதி கோசு என்னும் பொறியாளர் இதன் அருமையை உலகுக்கு எடுத்துக்காட்டினார். ஆனால் இதனை உண்டாக்கியவர் பொறியாளர் அல்லர், மீனவரும் உழவருமே. வங்கத்து ஏழை செய்து காட்டியதைத் தொண்டை நாட்டுத் தமிழனால் செய்ய முடியாதா?

செய்யத்தக்கது யாது?

காஞ்சிபுரம் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 செ.மீ. மழை பெய்கிறது. முப்பதடி நீளமும் முப்பதடி அகலமும் உள்ள ஒரு கூரைமேல் ஓராண்டில் விழும் மழை ஏறத்தாழ ஒரு நூறாயிரம் இலிட்டர். அத்தகைய நூறு கூரைகள் கொண்ட தெருவில் ஒரு கோடி இலிட்டர். அஃதாவது, சோலையார்பேட்டையிலிருந்து வந்த தொடர்வண்டி நான்கு முறை ஓடிச் சுமந்த நீர்! சிந்தியது, ஆவியானது போக முக்காற்பங்கு கிடைத்தாலும் மூன்று தொடர்வண்டி நீர். அது நூறு வீட்டுத் தெருவொன்றின் தலைமேலேயே ஆண்டுதோறும் இறங்குகிறது. அதனை எவரும் கேட்பதில்லை.

2003இல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேமிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பெற்றது, நல்ல சட்டம். 2013இல் தோட்டக்கலைத் துறை நகர மக்களுக்கு மாடித் தோட்டப் பொருள்களைச் சலுகை விலையில் வழங்கத் தொடங்கியது, நல்ல முயற்சி. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று அறியா. ஒரே வீட்டில் மழைநீர் குழிக்குப் போகிறது. மாடிக்கீரைக்குக் குழாய்நீர் ஏறுகிறது. கோடையில் உந்தில் வாங்கிய நீரை ஊற்றி வளர்த்த அவரைக்கொடி, அடைமழையில் அழுகுகிறது. ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் பிரிந்ததன் விளைவு இது.

வாலாசாபாத்துப் போன்ற ஊர்களில் இவற்றை இணைக்க இன்னும் இடம் உண்டு. வழி கடினமன்று. கூரைநீர் தூயது; அது தொட்டிக்கும், அதிலிருந்து கீரைக்கும் காய்க்கும் செல்லட்டும். தெருநீர் மண்ணும் எண்ணெயும் கலந்தது. அது முதலில் வண்டல் படியும் குழியில் நின்று, கோரையும் வெட்டிவேரும் வளர்ந்த ஓடையில் மெல்ல நடந்து, பின்னர் வாழைக்கும் தென்னைக்கும் மாட்டுத்தீவனப் புல்லுக்கும் பாயட்டும். அதற்கும் மிஞ்சியது தாங்கலுக்கும் ஏரிக்கும் போகட்டும். எல்லாம் நிறைந்தபின் வழிவது மட்டுமே வடிகாலுக்கு. வடிகால் இறுதி வழியாய் இருக்கலாம். முதல் வழியாய் இருத்தல் ஆகாது.

மறுப்புகளும் விடைகளும்

நீர் தேங்கினால் கொசு பெருகும் என்பர். கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஒரு கிழமையளவு வேண்டும். தோட்டப்பள்ளத்து நீர் இரண்டு நாளில் மண்ணுக்குள் இறங்குமாறு அமைத்தால் கொசுவுக்கு அங்கே வாழ்வில்லை. ஏரியில் மீனும் தவளையும் அதனைப் பார்த்துக்கொள்ளும். கொசுவை உண்மையில் வளர்ப்பவை குப்பை அடைத்த கற்காரை வடிகால்களே.

தெருநீரில் நஞ்சு உண்டு என்பர். உண்டு. ஆதலாற்றான் கீரைக்குக் கூரைநீரும் மரத்துக்குத் தெருநீரும் என்று வகுத்தல் வேண்டும். தொழிற்சாலைக் கழிவை இவற்றோடு கலக்கவிடுதலே கூடாது. அதனைக் கலப்பவனை ஒறுக்க அஞ்சும் அரசு, நஞ்சைக் காட்டித் தோட்டத்தை மறுப்பது நகைப்புக்கு இடமாகும்.

தோட்டம் என்று சொல்லி ஏரியைப் பிடித்துக்கொள்வார்கள் என்பர். இவ்வச்சம் முறையானதே. தோட்டம் ஏரிக்கரைக்குக் கீழே இருத்தல் வேண்டும். ஏரியின் உள்வாயில் ஓரடியும் கூடாது. ஏரிகளைக் காக்கவும் கவர்ந்தவரை வெளியேற்றவும் 2007இலேயே சட்டம் இயற்றப்பெற்றுள்ளது. அச்சட்டம் குடிசைக்காரனிடம் மட்டும் வீரம் காட்டி, மதிலெழுப்பியவனிடம் மண்டியிடுமானால் அது சட்டமாகாது.

நகர நிலத்தின் விலைக்குத் தோட்டம் கட்டுமா என்பர். 2015இல் மூழ்கிய வீட்டின் விலை யாது? 2019இல் ஒரு குட நீரின் விலை யாது? அவற்றையும் கணக்கில் சேர்த்துப் பின்பு பேசட்டும்.

காலம் கடக்குமுன்

நிலத்தை விற்ற உழவன் அப்பணம் தீர்ந்தபின் அதே நிலத்தில் எழுந்த தொழிற்சாலை வாயிலில் ஒப்பந்தக் கூலியாய் நிற்கிறான். நிலமே இல்லாதிருந்த உழவுத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. நேற்றுவரை கீரையை விளைத்து விற்றவள் இன்று கோயம்பேட்டிலிருந்து வரும் கீரையை விலைகேட்டு வாங்குகிறாள். இது வெறும் நீர்ச்சிக்கல் அன்று. ஓர் இனம் தன் சோற்றைத் தானே ஆக்கும் உரிமையை இழக்கும் சிக்கல்.

ஆகவே ஒவ்வோர் ஊரிலும் ஏரியையும் தோட்டத்தையும் ஒருங்கே காக்கும் வாரியம் எழுதல் வேண்டும். அதில் உழவரும், நிலமற்ற உழைப்பாளரும், பெண்டிரும் சாதி வேறுபாடின்றி அமர்தல் வேண்டும். புதிய மனைப்பிரிவு எதற்கும், அதன் மழைநீர் எத்தோட்டத்துக்குப் பாயும், எவ்வேரியைச் சேரும் என்று காட்டாமல் இசைவு தருதல் கூடாது. வரத்துக்கால்களை அளந்து கல் நட்டு, ஊர்மன்றத்தில் வரைபடம் எழுதி வைத்தல் வேண்டும். ஊர்ப் பொதுநிலத்துத் தோட்டங்களை நிலமற்றார்க்கே உழவுக்கு விடுதல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்டல் வேண்டும். காட்டாதவன் விலகல் வேண்டும். கடைசியாகச் சொன்னதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்துள்ளனர்.

வாலாசாபாத்துக்குச் சென்னை ஒரு வழிகாட்டி அன்று, ஓர் எச்சரிக்கை. அதற்கு வழிகாட்டி பாலாற்றுக்கு அக்கரையில், ஒரு கோயிற் சுவரில் காத்திருக்கிறது. ஏர் என்னும் சொல்லும் ஏரி என்னும் சொல்லும் அடுத்தடுத்து ஒலிக்கும் மொழியைப் பேசும் மக்கள், ஏரையும் ஏரியையும் ஒருசேர இழந்துவிட்டு மொழியை மட்டும் காத்துவிட முடியாது. அடுத்த மழை வருமுன் கால்வாய் தூர்வாரப்பெறட்டும். அடுத்த மனைக்கல் நடப்பெறுமுன் கரைக்கல் நடப்பெறட்டும்! மழை தமிழன் வயலில் இறங்கட்டும். தமிழன் இனித் தெருவில் குடமேந்தி நில்லாதிருக்கட்டும்!